வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்

வாளித் தண்ணீரில் போட்டுச் சுடவைக்கும் ஹீட்டர் ராடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அளந்து பார்த்தால் சாக்கெட்டில் 218 வோல்ட் இருக்கிறது, வயரில் 6.2 ஆம்பியர் போகிறது. இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் ராடின் மின்தடை எவ்வளவு, அது எத்தனை வாட் இழுக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வகுத்தால் மின்தடை: 218 ÷ 6.2 = 35.2 ஓம்.
பெருக்கினால் திறன்: 218 × 6.2 = 1352 வாட்.

கணக்கு இவ்வளவுதான். 'ஓம் = வோல்ட் ÷ ஆம்பியர்' என்ற இந்த ஓம் விதியில் தடுக்கி விழுகிறவர்கள் யாரும் வகுத்தலில் விழுவதில்லை. எந்த எண்ணை எடுத்து வகுக்கிறோம் என்பதில்தான் விழுகிறார்கள். எந்த இரண்டு முனைகளுக்கு இடையே அளந்த வோல்ட், எந்த வயரில் ஓடிய ஆம்பியர், பொருள் ஓடும்போது எடுத்ததா நின்றிருக்கும்போது எடுத்ததா என்று கேட்டுவிட்டுப் பிறகு கால்குலேட்டரைத் தொட வேண்டும்.

பேச்சு வழக்கும் கொஞ்சம் குழப்புகிறது. கரண்ட் போய்விட்டது, கரண்ட் அடித்துவிட்டது, கரண்ட் பில் வந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். கணக்கு போடும்போது அவற்றைப் பிரித்தே ஆக வேண்டும். மின்னழுத்தம் எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருப்பது. ஒரே ஒரு புள்ளியைக் காட்டி இங்கே எத்தனை வோல்ட் என்று கேட்டால், எதோடு ஒப்பிட்டு என்று திருப்பிக் கேட்க வேண்டும். மின்னோட்டம் ஒரு வயர் வழியாக ஓடுவது. அதை ஆம்பியரில் சொல்கிறோம். ஒரு பொருளின் இரண்டு முனைகளுக்கு இடையே 1 வோல்ட் கொடுத்ததும் அதன் வழியே 1 ஆம்பியர் ஓடினால் அதன் மின்தடை 1 ஓம். அங்கே நொடிக்கு 1 ஜூல் ஆற்றல் செலவாகும், அதுதான் 1 வாட். கரண்ட் பில்லில் வரும் யூனிட் வேறு. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

ராடின் மேல் 1500 வாட் என்று அச்சடித்திருக்கிறதே, நமக்கு 1352 அல்லவா வந்தது? கம்பெனிக்காரன் ஏமாற்றவில்லை. பக்கத்திலேயே 230 வோல்ட் என்றும் போட்டிருப்பான், அதை யாரும் படிப்பதில்லை. ஹீட்டர் காயிலுக்குச் சொந்தமான எண் அதன் ஓம்தான். வாட் என்பது, அந்த ஓமுக்கு எத்தனை வோல்ட் கிடைக்கிறதோ அதைப் பொறுத்து வந்து சேர்வது.

திறனுக்கான சூத்திரத்தில் மின்னோட்டத்துக்குப் பதிலாக 'வோல்ட் ÷ ஓம்' என்று போட்டால் இப்படி மாறும்:

திறன் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்

230 × 230 = 52,900. அதை 35.2 ஆல் வகுத்தால் 1503 வாட். அச்சடித்த எண்ணோடு ஒத்துப்போகிறது, ராடு நன்றாகவே இருக்கிறது. மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் என்ன ஆகும்? 32,400 ÷ 35.2 = 920 வாட். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், வெப்பம் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு. வோல்ட் இரண்டு முறை பெருக்கப்படுவதால் வந்த வினை இது. 250 வோல்ட் வந்தால் இதே ராடு 1775 வாட் இழுக்கும்.

தண்ணீரில் இது எப்படித் தெரியும் என்றும் பார்க்கலாம். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 10 லட்சத்து 67 ஆயிரம் ஜூல் வேண்டும். 1503 வாட்டில் 12 நிமிடம், 920 வாட்டில் 19 நிமிடம். செலவாகும் யூனிட் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 0.3. லோ வோல்டேஜில் ஹீட்டர் போட்டால் பில் எகிறும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நேரம்தான் கூடும். கூடுதல் நேரத்தில் வாளியிலிருந்து காற்றுக்குப் போகும் சிறிதளவு வெப்பம் மட்டுமே நட்டம்.

எந்த வோல்டைப் போடுவது?

இப்போது ஒரு தப்பை வேண்டுமென்றே செய்து பார்க்கலாம். ராடைப் போடுவதற்கு முன்பே சாக்கெட்டில் அளந்தால் 226 வோல்ட் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். ராடைப் போட்டபின் ஆம்பியர் 6.2. இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 36.5 ஓம், 1401 வாட். இரண்டுமே தவறு. ராடு ஓடும்போது அதன் முனைகளில் இருந்தது 218 தான். 226 என்பது யாரும் எதையும் இழுக்காதபோது இருந்த எண். வோல்டையும் ஆம்பியரையும் ஒரே பொருளில், ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் ஓமையே படுத்தியிருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் சைமன் ஓம் சோதனை செய்த காலத்தில் கிடைத்த வோல்ட்டா மின்கலங்கள், மின்னோட்டம் எடுக்க எடுக்கச் சோர்ந்துவிடும். அதனால் அவர் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இரட்டைக்கு மாறினார். இரண்டு உலோகங்கள் சேரும் இணைப்புகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தருவது அது. ஒரு இணைப்பு கொதிக்கும் நீரில், இன்னொன்று பனிக்கட்டியில். வெப்பநிலை மாறாததால் அழுத்தமும் மாறவில்லை. 1827-ல் புத்தகமாக அவர் வெளியிட்ட விதிக்கு அந்த நிலையான அழுத்தம்தான் அடித்தளம்.

சரி, அந்த 8 வோல்ட் எங்கே போனது? வழியில் போனது. வழியில் ஓடியதும் அதே 6.2 ஆம்பியர்தான். அப்படியானால் வழியின் மின்தடை 8 ÷ 6.2 = 1.29 ஓம். வழியில் வீணான திறன் 8 × 6.2, ஏறத்தாழ 50 வாட். ஒரே ஆம்பியரை ராடின் வோல்ட்டோடு சேர்த்தால் ராடின் கணக்கு வருகிறது, வயரின் வோல்ட்டோடு சேர்த்தால் வயரின் கணக்கு வருகிறது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் ஓம் விதி பிடிபட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம்.

1.29 ஓம் வயரில் வருமா என்ற சந்தேகம் நியாயமானதே. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்பு வயரில் மீட்டருக்கு 0.0172 ஓம், 20 டிகிரி வெப்பத்தில். மீட்டர் பெட்டியிலிருந்து 50 மீட்டர் தள்ளித் தோட்டத்துக் கொட்டகை, அதற்கு ஒன்றரை ஸ்கொயர், அதாவது ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் என்று கொள்வோம். மின்சாரம் போக 50 மீட்டர், திரும்பி வர 50 மீட்டர். திரும்பி வரும் 50-ஐ மறப்பது வழக்கமான தப்பு. 100 × 0.0172 ÷ 1.5 = 1.15 ஓம். மிச்சம் கம்பத்திலிருந்து வரும் வயரிலும் இணைப்புகளிலும் இருக்கும். இரண்டரை ஸ்கொயர் இழுத்தால் 1.15 என்பது 0.69 ஆகிவிடும்.

சூடாகும் பிளக்

மூன்றாவது வடிவம் ஒன்று உண்டு. திறனில் வோல்ட்டுக்குப் பதிலாக 'ஆம்பியர் × ஓம்' என்று போட்டால்:

திறன் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்

மின்னோட்டம் வயரை எவ்வளவு சூடாக்கும் என்பதை 1841-ல் ஜேம்ஸ் ஜூல் அளந்து சொன்னது இதைத்தான். வயரிலும் இணைப்புகளிலும் உண்டாகும் வெப்பத்தைக் கணக்கிட இந்த வடிவம்தான் கைகொடுக்கும். இழுக்கும் ஆம்பியர் தெரியும், இணைப்பின் ஓம் தெரியும், அங்கே விழும் வோல்ட்தான் உடனே தெரியாது.

2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்து, பிளக் கம்பியோடு சரியாகத் தொடாமல், அந்த இடத்தில் அரை ஓம் உருவாகிவிட்டது என்று வையுங்கள். அரை ஓம் ஒரு பொருட்டா? 8.7 × 8.7 × 0.5 = 38 வாட். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட். அதைவிடக் கூடுதலான வெப்பம் ஒரு பட்டாணி அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. பிளக் பழுப்பு நிறமாவதும் கருகிய வாடை வருவதும் அதனால்தான்.

இதில் விபரீதம் என்னவென்றால் மின்பெட்டியில் தானாக விழும் ஸ்விட்சான எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது. ஆம்பியர் கூடினால்தான் அது விழும். இங்கே மின்தடை கூடியதால் ஆம்பியர் ஒரு துளி குறைந்துதான் இருக்கிறது. கீசரும் வழக்கம்போலவே சுடும், ஏனென்றால் அதற்குப் போக வேண்டிய 230 வோல்ட்டில் நாலரை வோல்ட்கூட இங்கே விழவில்லை. வெப்பத்தில் கவ்வியின் பிடிப்பு இன்னும் தளரும், பித்தளை கறுக்கும், ஓம் ஏறும், வெப்பமும் ஏறும். எனவே கீசரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்களுக்கு அருகே கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் சுட்டால் சாக்கெட்டை மாற்ற வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய கவ்வி புதுப் பிளக்கையும் தின்றுவிடும்.

ஆம்பியர் இருமடங்கானால் இந்த வெப்பம் நான்கு மடங்கு. மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோக 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று ஏற்றுவதன் காரணமும் இதே சூத்திரத்தில் இருக்கிறது: அதே வாட்டை உயர்ந்த வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் குறையும், ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப வழிச்செலவும் குறையும்.

அணைந்த பல்பு சொல்லும் பொய்

ஹீட்டர் காயில் நைக்ரோம் கம்பியால் ஆனது. சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும். அதனால் பிளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டரில் ஓம் அளந்தாலும் 35-ஐ ஒட்டியே காட்டும். பழைய குண்டு பல்பு அப்படியில்லை. 100 வாட், 230 வோல்ட் பல்பு எரியும்போது 52,900 ÷ 100 = 529 ஓம். அணைத்து, ஆறவிட்டு மீட்டரை வைத்தால் 40 ஓம் சுமாருக்குக் காட்டும். அந்த 40-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 1322 வாட் வரும். மீட்டரும் சரி, சூத்திரமும் சரி. டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது, அந்தச் சூட்டில் அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஆறிய நிலையின் ஓமை எரியும் நிலையின் வோல்ட்டோடு சேர்த்ததுதான் பிழை. அந்த 1322 வாட்டும் முழுப் பொய் இல்லை. ஸ்விட்ச் போட்ட முதல் நொடித்துளியில் பல்பு ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கவே செய்யும். குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃபியூஸ் ஆவது அதனால்.

எல்இடிக்கு இத்தனை ஓம் என்று சொல்லவே முடியாது. வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3 வோல்ட்டில் எரியும். வோல்ட் கொஞ்சம் கூடினாலும் ஆம்பியர் தாறுமாறாக எகிறும். அதனால் தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டு அடக்குகிறோம். 12 வோல்ட் பேட்டரியில் ஒரு எல்இடியை 20 மில்லி ஆம்பியரில் எரிய வைக்க வேண்டும். இங்கே 12 ÷ 0.02 என்று வகுத்து 600 ஓம் என்பார்கள். ரெசிஸ்டரின் முனைகளில் 12 வோல்ட் இல்லையே. 3 வோல்ட்டை எல்இடி எடுத்துக்கொண்டது போக மிச்சம் 9. 9 ÷ 0.02 = 450 ஓம். கடையில் கிடைக்கும் பக்கத்து மதிப்பு 470, நிறப் பட்டை மஞ்சள், ஊதா, பழுப்பு.

மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்ற மறந்து 9 ÷ 20 என்று போட்டால் 0.45 வரும். அதை ஓம் என்று எடுத்துக்கொண்டால் எல்இடி போன மாதிரிதான். ஆனால் வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் வருகிறது என்று நினைவில் வைத்தால் இதே வகுத்தல் குறுக்குவழியாகிவிடும்: 0.45 கிலோ ஓம், அதாவது 450 ஓம்.

வாட்டையும் பார்த்துவிட வேண்டும். 470 ஓமில் 9 வோல்ட்: 81 ÷ 470 = 0.17 வாட். கால் வாட் ரெசிஸ்டர் போதும் போலத் தெரிகிறது. ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். அப்போது ரெசிஸ்டரில் 11.4 வோல்ட், 130 ÷ 470 = 0.28 வாட். கால் வாட்டைத் தாண்டிவிட்டது. அரை வாட் ரெசிஸ்டர் வாங்குவதே புத்திசாலித்தனம், விலை வித்தியாசம் சில பைசாதான்.

மோட்டாரில் இந்தக் கணக்கை நிறுத்திவைக்கவும்

தண்ணீர் ஏற்றும் 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் காயிலை மீட்டரில் அளந்தால் சில ஓம்தான் காட்டும். 5 ஓம் என்று வைத்து வகுத்தால் 46 ஆம்பியர். உண்மையில் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் இழுக்கும். செம்புக் காயில் இரும்பைச் சுற்றியிருப்பதாலும், சுழலும் ரோட்டர் எதிர்த்து ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குவதாலும் மின்னோட்டம் அடங்கியிருக்கிறது. மணல் சிக்கி மோட்டார் சுற்றாமல் நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு மறைந்துவிடும், ஆம்பியர் பல மடங்கு ஏறும், காயில் எரியும்.

பெருக்கலும் இங்கே ஏமாற்றும். 230 × 6 = 1380 என்று வருவது வோல்ட் ஆம்பியர், அதாவது விஏ. மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே ஓடுவதால் அத்தனையும் வாட் ஆவதில்லை. விஏவில் வாட் ஆகும் பங்கைப் பவர் ஃபேக்டர் என்பார்கள். அது 0.8 என்றால் 1380 × 0.8 = 1104 வாட். மீட்டரில் யூனிட்டாக ஏறுவது இந்த 1104 தான். ஆனால் வயரைச் சூடாக்குவது முழு 6 ஆம்பியர். ஆகவே பில்லுக்கு வாட், வயர் பருமனுக்கு ஆம்பியர். இன்வெர்ட்டரை விஏ கணக்கில் விற்பதும் இதனால்தான். அயர்ன் பாக்ஸ், ராடு, குண்டு பல்பு போல வெறுமனே சூடாகும் பொருள்களுக்கு மட்டும் பெருக்கினாலே வாட் வந்துவிடும்.

அளப்பது

ஓம் அளக்கும்போது பொருள் பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டிருக்க வேண்டும். மீட்டர் தன் சொந்த பேட்டரியிலிருந்து சிறு மின்னோட்டம் அனுப்பித்தான் ஓம் பார்க்கிறது. வெளியிலிருந்து வோல்ட் வந்தால் எண் பொய்யாகும், மீட்டரும் போகலாம். இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 ஓம் மாதிரி ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் சொந்த மின்தடை. 35 ஓம் அளக்கும்போது அதை விட்டுவிடலாம், அரை ஓம் அளக்கும்போது கழிக்காவிட்டால் விடைக்கு அர்த்தமே இல்லை. ராடின் பிளக்கில் ஃபேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் இடையே 35. எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே ஏதாவது ஓம் காட்டினால் அந்த ராடை இனிமேல் தண்ணீரில் வைக்கக் கூடாது.

வோல்ட்டைப் பொருளின் இரண்டு முனைகளில் குறுக்காகத் தொட்டு அளக்கலாம். ஆம்பியருக்கு மீட்டரைப் பாதையின் நடுவே வைக்க வேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் செருகியபடியே இருக்க, மறந்துபோய் சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் முள்ளை வைத்தால், மீட்டருக்குள் ஓம் என்று எதுவும் இல்லாததால் அது நேர் ஷார்ட் சர்க்யூட். மலிவான பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸும் கிடையாது. வீட்டு மின்சாரத்தில் ஆம்பியர் பார்க்க எலெக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்று சொல்லும் கிளாம்ப் மீட்டர்தான் சரி. அதிலும் ஃபேஸ் வயரை மட்டுமோ நியூட்ரலை மட்டுமோ கவ்வ வேண்டும். முழு வயரையும் சேர்த்துக் கவ்வினால் போகிறதும் வருகிறதும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும்.

கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு வழி இருக்கிறது. மின்னணு மின்மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது மீட்டரின் முகப்பில் எழுதியிருக்கும். 3200 என்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராடை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 75 துடிப்பு வந்தால் மணிக்கு 4500. அதை 3200 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4, அதாவது சுமார் 1400 வாட். இது கிளாம்ப் மீட்டரில் வந்த 1352-ஐவிட 40, 50 வாட் கூடுதலாகவே வரும். கொட்டகை வரை போகும் வயரில் வீணாவதையும் வாசல் மீட்டர் சேர்த்தே எண்ணுகிறது. எண்ணிக்கொண்டிருக்கும்போது ஃபிரிட்ஜ் இடையில் ஓட ஆரம்பித்தால் துடிப்பு திடீரென வேகமெடுக்கும். அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.